இருபதாவது எபிசோடுக்கு முன்

பாத்ரூம் தாழ்ப்பாள் விழுந்தது. நேற்று சாயங்காலம்தான் மிதுனாவின் அப்பா வாங்கிவந்து முடுக்கினார், புதுசு, எண்ணெய்கூடப் போடவில்லை, கரகரவென்று இழுத்துக்கொண்டு போய் டக்கென்று விழுந்தது. மணி பதினொன்று பத்து. எதற்கு மணி பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை, பதினெட்டு வயசுப் பெண் தலைக்குக் குளிக்கப் போயிருக்கிறாள், எல்லா வீட்டிலும் நடப்பதுதான், இந்த அப்பார்ட்மெண்டிலேயே இந்நேரம் நாலு வீட்டில் யாராவது தலைக்குக் குளித்துக்கொண்டிருப்பார்கள், அவர்களுடைய அம்மாக்கள் யாரும் சாப்பாட்டு மேஜை நாற்காலியைத் திருப்பி பாத்ரூம் கதவைப் பார்க்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்கள். நான் உட்கார்ந்திருக்கிறேன். மடியில் முறம், முறத்தில் முருங்கைக்கீரை. ஆய்கிறேன் என்று பேர், காம்பும் இலையும் ஒன்றாகவே விழுகின்றன. உள்ளே போகும்போது மிதுனா நாற்காலியைப் பார்த்தாள், கீரையைப் பார்த்தாள். "இங்கயாம்மா உக்காந்து ஆயப்போற?" "இங்கதான்டி காத்து வருது." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள், ஒரு விநாடி ஒன்றுமில்லை, பிறகு அந்தச் சத்தம். அந்த ஒரு விநாடி எதற்கு? போடலாமா வேண்டாமா என்று யோசித்தாளா, இல்லை தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தேடினாளா? நாலு மாதமாக இந்த வீட்டில் எந்த அறைக்கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாது, கழற்றிவிட்டோம். கை மறந்திருக்கும். கைதான் மறந்திருக்கும். குழாயைத் திறந்துவிட்டாள், வாளியில் தண்ணீர் விழுகிறது, வெற்று வாளியில் விழும்போது வரும் அந்த டமடம சத்தம். நல்லது. தண்ணீர் சத்தம் நல்லது.

மார்ச் மாதம் மிதுனா சாக முயற்சி செய்தாள். இப்படி நேராகச் சொல்லிப் பழக வேண்டும் என்று மனநல டாக்டர் மெஹருன்னிசா சொல்லியிருக்கிறார். "அன்னைக்கு நடந்ததுன்னு சுத்தி வளைக்காதீங்க, பிரபாவதி. அதுக்கு ஒரு பேர் இருக்கு. உங்களுக்கு வாய் வரலேன்னா அவளுக்கு எப்படி வரும்?" மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். வாய்விட்டுச் சொன்னதில்லை, இவள் அப்பாவிடம்கூட. சொந்தக்காரர்களிடம் டைபாய்டு என்றோம். லால்குடி நாத்தனார் போன் பண்ணி, காரம் குடுக்காதீங்க அண்ணி, இளநீர் குடுங்க, டைபாய்டு திரும்பி வந்தா முதல் தடவையைவிட மோசம் என்றாள். திரும்பி வந்தா. அவள் பாட்டுக்குச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள், நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பில் குழம்பு தீய்வது தெரியாமல் நின்றேன். இன்றைக்கு அந்த நாத்தனார் பேத்திக்குத்தான் காதுகுத்து, இவள் அப்பா போயிருக்கிறார், மிதுனாவுக்கு இன்னும் அலைச்சல் ஆகாது என்று சொல்லிக்கொள்வார். அவர் போகவே மாட்டேன் என்றார், நான்தான் போங்க, ஒருத்தராவது தலையைக் காட்டணும் என்று அனுப்பினேன். அனுப்பியிருக்கக் கூடாது. அன்றைக்கும் அவர்தான் முதலில் பார்த்தார். வேலை பார்க்கிற டிரைவிங் ஸ்கூலிலிருந்து யாருடைய லைசென்ஸ் பேப்பரையோ எடுக்க மத்தியானம் வீட்டுக்கு வந்தார், மறந்து வைத்துவிட்டுப் போன பேப்பர், டி.வி.க்கு மேலே இருந்தது. மறக்காமல் எடுத்துக்கொண்டு போயிருந்தால்? அதை யோசிக்கக் கூடாது என்று எத்தனை தடவை சொல்லிக்கொண்டாலும் யோசனை அந்த டி.வி. மேலேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. நான் அப்போது ஜங்ஷன் முன்பதிவுக் கவுண்டரில் இருந்தேன். ஒரு பெரியவர், காது சரியாகக் கேட்காது, வெயிட்டிங் லிஸ்ட் என்றால் என்ன, ஏறலாமா ஏறக்கூடாதா என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார், நான் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கத்திக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தேன், கைப்பைக்குள் போன் சத்தமில்லாமல் ஏழு தடவை அடித்திருக்கிறது. ஏறலாமா ஏறக்கூடாதா. இப்போதும் கவுண்டரில் யாராவது அப்படிக் கேட்டால் என் கை தானாகப் போனைத் தேடும்.

வாளியில் இப்போது டமடம இல்லை, தண்ணீர்மேல் தண்ணீர் விழுகிற சத்தம். பாதி நிறைந்திருக்கும். ஊற்றுகிற சத்தம் வரவில்லையே. சோப்புத் தேய்க்கிறாளோ, தலையில் தண்ணீர் ஊற்றாமலா சீயக்காய் தேய்ப்பாள்? தலை முடியைப் பிரித்துக்கொண்டிருப்பாள். பின்னல் சிக்கு விழுந்திருந்தது, நான் காலையில் வாரிவிடுகிறேன் என்று சொன்னதற்கு வேண்டாம் என்றாள். வேண்டாம், வேண்டாம், ஒண்ணுமில்லம்மா, நல்லாத்தாம்மா இருக்கேன். தன்னைப் பற்றி என்றால் நாலு மாதமாக இந்த மூன்று வார்த்தைகளைத்தான் வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துகிறாள். நேற்றுக் காலையில்தான் நாலாவதாக ஒன்று கேட்டாள். தோசை சாப்பிட்டுக்கொண்டே, தட்டைப் பார்த்துக்கொண்டே. "அம்மா, பாத்ரூமுக்கு மட்டும் தாழ்ப்பாள் போட்டுக்கலாமா? ஒரு மாதிரி இருக்கு." நானும் அவரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. பார்த்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். "போட்டுக்கலாமே, அதுக்கென்ன" என்று நான்தான் சொன்னேன், பக்கத்து வீட்டுக்காரி சர்க்கரை கேட்ட மாதிரி. டாக்டரைக் கேட்டுச் சொல்லியிருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமைதான் அடுத்த அப்பாயிண்ட்மெண்ட், மூன்று நாள் பொறு கண்ணு என்று சொல்லியிருக்கலாம். அவளாக வாயைத் திறந்து ஒன்று கேட்டுவிட்டாளே என்கிற சந்தோஷத்தில் வாயை விட்டுவிட்டேன். சந்தோஷம்கூட இப்போது பயப்பட வேண்டிய சாமானாகிவிட்டது. "மிதுனா?" "ம்?" உடனே வந்துவிட்டது பதில். "சோப்பு இருக்காடி?" "இருக்கு." "புதுசு வேணும்னா சொல்லு." "இருக்கும்மா." குரல் எப்படி இருந்தது? சாதாரணமாகத்தான் இருந்தது. கொஞ்சம் கீழேயிருந்து வந்த மாதிரி இருந்தது. நின்றுகொண்டு பேசினால் குரல் கதவின் மேல்பாதியிலிருந்து வரும், இது கீழ்ப்பாதியிலிருந்து வந்தது. கதவுக்கு மேல்பாதி, கீழ்ப்பாதி என்று குரல் வருமா, பைத்தியம் பிடித்துவிட்டதா எனக்கு.

லேப்டாப் சோபாமேல் திறந்தபடியே இருக்கிறது. படம் நின்றுபோய் இருக்கிறது, ஒரே சாம்பல். அந்த ஜப்பான் கார்ட்டூன். கார்ட்டூன் என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும், அனிமே என்று சொல்லணும். மே மாதக் கடைசியில் ஒருநாள், ஆபீசிலிருந்து வந்தபோது அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வானத்திலிருந்து சாம்பல் விழுகிறது, ஊர் முழுக்க யாருமில்லை, ஒரு பெண் இடிந்த பாலத்துக்கடியில் ஒரு தகரடப்பாவைத் திறக்க முடியாமல் திறந்துகொண்டிருக்கிறாள். உலகம் அழிந்துபோகிற கதையை என் பெண் பார்க்கிறாள் என்றால் என்ன அர்த்தம்? அன்று ராத்திரியே டாக்டருக்கு மெசேஜ் போட்டேன். அவர் திருப்பி ஒரே வரி போட்டார்: கூட உட்கார்ந்து பாருங்கள். உட்கார்ந்தேன். எனக்கு இங்கிலீஷில் ஓடுகிற அந்தக் கீழ்வரியைப் படிக்கிற வேகம் கிடையாது, பாதியைப் படிப்பதற்குள் மாறிவிடும். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, அவளே நிறுத்தி நிறுத்திச் சொல்ல ஆரம்பித்தாள். அவளாக ஆரம்பித்தாள். ஒன்பது வருஷமா சாம்பல் விழுதும்மா, சூரியன் மங்கிப் போச்சு, வடக்க எங்கயோ ஒரு ஏரி உறையாம இருக்குன்னு கேள்விப்பட்டு இவங்க மூணு பேரும் ரயில் தண்டவாளத்தைப் புடிச்சுக்கிட்டே நடக்கறாங்க. அந்தப் பெண் சாயோ, பத்தொன்பது வயசு. ஒரு லாரிக்காரர். ஒரு பல் டாக்டரம்மா. அப்பப்போ சாம்பல் காற்று அடிக்கும், அடிக்கும்போது எங்கேயாவது ஒரு அறைக்குள் புகுந்து கதவை அடைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும், காற்று நிற்கிறவரை வெளியே வரக்கூடாது. பேய் இல்லை, பிசாசு இல்லை, சண்டைகூட அதிகமில்லை. தண்ணீரைக் கொதிக்க வைப்பார்கள். கிழிந்த செருப்பைத் தைப்பார்கள். ஒரு எபிசோடு பூராவும் ஒரு பீச் பழ டின்னைத் தேடிப்போவார்கள், கிடைக்கும், மூன்று பேரும் பங்கு போட்டுச் சாப்பிடுவார்கள், முடிந்தது. "இதைப் போய் எதுக்குடி பாக்கற? பயமா இல்லயா உனக்கு?" என்று கேட்டேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள், நாலு மாதத்தில் என் கேள்வி ஒன்றுக்கு அவள் யோசித்தது அதுதான் முதல் தடவை. "இல்லம்மா. அங்க எல்லாம் முடிஞ்சு போச்சு. இனிமே ஏதாவது ஆயிடுமோன்னு பயப்பட ஒண்ணுமில்ல பாரு. அடுத்து என்ன பண்ணப்போறன்னு யாரும் கேக்க மாட்டாங்க. இன்னைக்குக் குடிக்கத் தண்ணி, அவ்ளோதான். கெடச்சா அன்னைக்கு அவங்க ஜெயிச்சுட்டாங்க."

குழாய் நின்றது. வாளி நிறைந்திருக்கும், அதனால் நிறுத்தினாள். இனிமேல் ஊற்றுவாள். இதோ இப்போது. மேல்வீட்டில் யாரோ மோட்டார் போட்டார்கள், சுவருக்குள் தண்ணீர் ஏறுகிற சத்தம், அதை இவள் ஊற்றுகிற சத்தம் என்று நினைத்து ஒரு விநாடி சந்தோஷப்பட்டுவிட்டேன். ஆடிக்காற்று பால்கனிக் கதவைத் தள்ளித் தள்ளி விடுகிறது, எழுந்துபோய்ச் சாத்தலாம், நாலே எட்டு, ஆனால் இந்த நாற்காலியைவிட்டு எழுந்தால் அந்த நாலு எட்டில் ஏதாவது. பதினொன்று இருபத்தொன்று. வாளியில் மக்கைப் போட்டால் களக்கென்று ஒரு சத்தம் வரும், அது வரவில்லை. எங்கள் வீட்டு மக்கு நீலம், காது உடைந்தது, காதை உடைத்தது அவள்தான், ஏழாவது படிக்கும்போது. இவள் குழந்தையாக இருந்தபோது குளிக்கவைப்பதே ஒரு யுத்தம், கண்ணில் சீயக்காய் படும் என்று பால்கனிவரை ஓடுவாள், இடுப்பைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வருவேன், வழுக்கிக்கொண்டு மீன் மாதிரி. அப்போதெல்லாம் பயமே கிடையாது எனக்கு. வழுக்கி விழுந்துவிடுவாள் என்பது ஒரு பயமா? அதையெல்லாம் பயம் என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். "மிதுனா, தண்ணி சூடா இருக்கா?" பதில் இல்லை. "மிதுனா!" "ம்ம்." "சூடா இருக்கான்னு கேட்டேன்." "இருக்கு." அந்த 'ம்ம்' முதலில் வந்த 'ம்' மாதிரி இல்லை. ஒரு எழுத்துக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டுக் கேட்டு என் காது தேய்ந்துவிட்டது. நேராகக் கேளுங்கள் என்கிறார் டாக்டர், சாகணும்னு தோணுதான்னு நேராகக் கேளுங்கள், கேட்பதால் தோன்றிவிடாது, அது ஒரு மூடநம்பிக்கை. நான் சோப்பு இருக்கா என்று கேட்கிறேன். தண்ணி சூடா இருக்கா என்று கேட்கிறேன். நாலு மாதமாக நான் அந்த ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், சாப்பிட்டியா, ஃபேன் போடவா, போர்வை வேணுமா என்று அதற்கு வேறு வேறு சட்டை மாட்டி.

எனக்கும் அந்தத் தொடர் பிடித்துப்போய்விட்டது, அதுதான் ஆச்சரியம். பதினோராவதோ பன்னிரண்டாவதோ எபிசோடில் சாம்பல் காற்றுக்குப் பயந்து ஒரு ரயில்வே ஸ்டேஷனுக்குள் புகுந்தார்கள். உள்ளே முன்பதிவுக் கவுண்டர். கண்ணாடி, அதில் பேசுவதற்குப் போட்ட ஓட்டை, அடியில் ஃபாரம் தள்ளுகிற இடைவெளி, எல்லாவற்றின் மேலும் விரற்கடை உயரத்துக்குச் சாம்பல். என் கவுண்டர். நாற்காலிகூட என் நாற்காலி மாதிரி ஒரு கால் சாய்ந்தது. சாயோ அந்த நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து, எதிர்ப்பக்கம் நிற்கிற லாரிக்காரரிடம், எங்கே போகணும் என்று கேட்கிறாள். விளையாட்டுக்குத்தான். அவர் வாயைத் திறக்கிறார், மூடுகிறார், சாம்பல் விழுகிற சத்தம்தான் கேட்கிறது. நான் அழுதுவிட்டேன். மிதுனா திரும்பி என்னைப் பார்த்தாள், சிரித்தாள், பல் தெரியச் சிரிக்கவில்லை, உதட்டோரத்தில். "என்னம்மா, ஆபீஸ் ஞாபகம் வந்துடுச்சா?" அன்றைக்கு அவள் இரண்டு சப்பாத்தி கூடச் சாப்பிட்டாள். அதற்கப்புறம் நான் கவுண்டரில் உட்கார்ந்துகொண்டே அவர்களைப் பற்றி நினைக்க ஆரம்பித்தேன், இன்றைக்குப் போய் அவர்களுக்குத் தண்ணீர் கிடைத்ததா என்று பார்க்கணும், பல் டாக்டரம்மாவுக்கு இருமல் நின்றதா என்று பார்க்கணும் என்று. என் வீட்டைவிட அந்தச் சாம்பல் காட்டில் எனக்கு மூச்சு சுலபமாக விட முடிந்தது. அங்கே ஆபத்து வெளியே இருக்கிறது. காற்றில், குளிரில், இடிந்த பாலத்தில், கையை நீட்டி அதோ என்று காட்டலாம், கதவை அடைத்தால் அது வெளியே நின்றுவிடும். இங்கே அப்படியா? இங்கே கதவை அடைத்தால் அவளோடு சேர்ந்து அதுவும் உள்ளே. அங்கே மூன்று பேருக்கும் கைக்கு வேலை இருக்கிறது. எனக்கு என்ன வேலை? அலமாரிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு ஆபீசுக்குப் போவது, மத்தியானம் பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் போன் பண்ணுவது, அவள் எடுத்தால் ஏன் எடுத்தாள் என்று யோசிப்பது, எடுக்காவிட்டால்.

இன்று காலையில் பத்தொன்பதாவது எபிசோடு. அதை நினைக்கவே கூடாது என்றுதான் கீரையை எடுத்தேன். அதில் சாயோ நடப்பதை நிறுத்திவிடுகிறாள். யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை, அடிபடவில்லை, பசிகூட அன்று அதிகமில்லை. நடந்துகொண்டே இருந்தவள் தண்டவாளத்தில் உட்கார்ந்தாள். பல் டாக்டரம்மா, என்ன ஆச்சு என்றாள். ஒண்ணும் ஆகல, நீங்க போங்க, எனக்கு இதுக்கு மேல நடக்கணும்னு தோணல என்றாள் சாயோ. அவ்வளவு சாதாரணமாக. மற்ற இரண்டு பேரும் நிற்கிறார்கள், சாம்பல் அவள் தலையில் விழுகிறது, தோளில் விழுகிறது, அவள் தட்டிவிடவில்லை, அப்படியே முடிந்தது. நான் மிதுனாவைப் பார்க்கவில்லை. பார்க்காமலேயே அவள் மூச்சு மட்டும் எனக்குக் கேட்டது. அடுத்ததையும் போட்டுடு, பாத்துடலாம் என்றேன், என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது, அவ்வளவு கெஞ்சல். "நான் தலைக்குக் குளிச்சுட்டு வந்துடறேம்மா. அப்புறம் பாக்கலாம்." அப்புறம். அப்புறம் என்று சொன்னாளே, அப்புறம் என்று ஒன்று இருக்கிறது என்றுதானே அர்த்தம்? இல்லை, அப்படித்தான் எல்லோரும் சொல்வார்கள். மார்ச் மாதம் அன்றைக்குக் காலையில்கூட, சாயங்காலம் வர்றப்ப பஜ்ஜி மாவு வாங்கிட்டு வாம்மா என்றாள். வாங்கினேன். அந்தப் பாக்கெட்டை ஆஸ்பத்திரி வராந்தாவில் கையில் வைத்திருந்தேன். இல்லை, அன்று நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடினேன், மாவு வாங்கவில்லை, வாங்கியதாக எனக்கு ஏன் ஞாபகம் வருகிறது?

பதினொன்று முப்பது. இருபது நிமிஷம். ஒரு பெண் தலைக்குக் குளிக்க இருபது நிமிஷம் ஆகும். நீளமான முடி, அரைமணிகூட ஆகும். ஆனால் தண்ணீர் ஊற்றாமல் இருபது நிமிஷம் யார் குளிப்பார்கள்? அவளிடம் நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. முந்தாநாள் ஆபீசில், சாப்பாட்டு நேரத்தில், ஓய்வறையில் கதவைச் சாத்திக்கொண்டு, என் போனில் அந்தத் தொடரின் கடைசி எபிசோடை மட்டும் பார்த்துவிட்டேன். இருபத்தாறாவது. வெட்கமாக இருந்தது, பரீட்சைப் பேப்பரைத் திருடிப் பார்க்கிற மாதிரி. ஆனால் எனக்குத் தெரிந்தாக வேண்டும். சாயோ செத்துப்போகிற கதையென்றால் இதை நடுவிலேயே நிறுத்திவிட வேண்டும், லேப்டாப் ரிப்பேர், நெட் இல்லை, ஏதாவது ஒரு பொய், டைபாய்டு சொன்ன வாய்க்கு இது பெரிசா. கீழ்வரி ஒன்றும் புரியவில்லை, புரிய வேண்டியிருக்கவுமில்லை. சாயோ இருந்தாள். முடி வெட்டிக்கொண்டிருந்தாள், கொஞ்சம் கறுத்திருந்தாள், ஏரிக்கரையில் குனிந்து தண்ணீரைக் கையில் அள்ளினாள். பல் டாக்டரம்மாவைக் காணோம். அதைப் பற்றி எனக்குக் கவலைகூட வரவில்லை அன்று, எவ்வளவு கொடூரமானவள் நான், சாயோ இருக்கிறாள், போதும் என்று டப்பாவைத் திறந்து தயிர்சாதம் சாப்பிட்டேன். அப்புறம்தான் இன்னொரு பயம். இருபத்தாறு முடிந்துவிட்டால்? நாள் ஒன்று என்று பார்த்தாலும் ஒரு வாரம். அதற்கப்புறம் சாயங்காலம் ஆறு மணிக்கு என்னோடு அந்தச் சோபாவில் உட்கார அவளுக்கு என்ன காரணம் இருக்கும்? காரணம் ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும், இதே மாதிரி ஊர் அழிந்த கதை வேறு இருக்கிறதா என்று கவுண்டரில் என் பக்கத்து சீட் பெண்ணிடம் கேட்டேன், அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "மிதுனா." பதில் இல்லை. "மிதுனா, கீரைக்குப் பருப்பு போடவா, தேங்காய் போடவா?" பதில் இல்லை. ஏதோ உரசுகிற சத்தம். தரையிலா? "மிது." இல்லை. பால்கனிக் கதவு படாரென்று அடித்துக்கொண்டது, என் மடியிலிருந்து முறம் விழுந்துவிட்டது, கீரை தரையெங்கும், நான் எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை, கதவில் என் உள்ளங்கை இருக்கிறது, பிளாஸ்டிக் கதவு, கை வைத்தால் அதிர்கிறது, உள்ளே அவள் இருக்கிறாளா என்று கதவின் அதிர்விலா தெரியும். அவருக்குப் போன் பண்ணணும். போன் எங்கே? சோபாவில். லால்குடியிலிருந்து அவர் என்ன பண்ணுவார், முக்கால் மணி நேரம் ஆகும் வர, எந்தப் பேப்பரையும் அவர் இன்று மறந்துவிட்டுப் போகவில்லை. கதவை உடைக்கலாம். தோளால் இடித்தால் உடையும். உள்ளே அவள் சும்மா நின்றுகொண்டிருந்தால்? சும்மா நின்றுகொண்டிருக்கிற பெண்ணின் கதவை உடைத்தால் அப்புறம் அவள் என்னிடம் எதையுமே கேட்க மாட்டாள். உடைக்காமலிருந்தால்? வாயைத் திற பிரபாவதி, கேள், நேராகக் கேள். வாயைத் திறந்தால் வந்தது வேறு.

"சாயோ சாக மாட்டாடி! மிதுனா, கேக்குதா உனக்கு? சாயோ எந்திரிச்சுடுவா! கடைசி எபிசோடுல இருக்கா, நான் பாத்துட்டேன்! ஏரிக்குப் போயிடறா, முடியெல்லாம் வெட்டிக்கிட்டு, நடந்தே போயிடறாடி, கதவைத் தெற!"

இரண்டு கையாலும் தட்டினேன். மேல்வீட்டு மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு உள்ளேயிருந்து, என் முழங்கால் உயரத்திலிருந்து, அவள் குரல்.

"அம்மா! நீ எப்பப் பாத்த?"

"முந்தாநாள்."

"எனக்குத் தெரியாமயா?"

"ஆமாடி."

"ஏம்மா சொன்ன! இன்னும் ஏழு எபிசோடு இருக்கும்மா! எல்லாத்தையும் சொல்லித் தொலைச்சுட்டியேம்மா!"

கோபம். தொண்டை கிழிகிற கோபம், மூக்கு அடைத்த கோபம். கதவில் நெற்றியை முட்டுக் கொடுத்துக்கொண்டு நின்றேன். தாழ்ப்பாள் கரகரவென்று இழுத்தது, கதவு திறந்தது, நான் கிட்டத்தட்ட அவள்மேல் விழுந்தேன். தலைமுடி காய்ந்திருந்தது. நைட்டி காய்ந்திருந்தது. துண்டு போகும்போது எப்படித் தோளில் இருந்ததோ அப்படியே இருந்தது. அவளுக்குப் பின்னால் வாளி நிறைந்து விளிம்பில் தண்ணீர் நின்றது, ஒரு மக்குகூட எடுக்கவில்லை. முகம் வீங்கியிருந்தது. நான் அவள் கையைப் பார்த்தேன், தரையைப் பார்த்தேன், ஜன்னல் திட்டைப் பார்த்தேன், நான் பார்ப்பதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லை.

"குளிக்கலயா நீ?"

"இல்ல."

"இவ்ளோ நேரம் என்னடி பண்ண?"

"உக்காந்திருந்தேன்."

"கூப்பிட்டப்ப ஏன் பேசல?"

"அழுதுக்கிட்டிருந்தேம்மா. பேசினா தெரிஞ்சுடும்ல."

அவள் வாசற்படியிலேயே சுவரில் சாய்ந்து கீழே இறங்கி உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன், பாதி உடம்பு பாத்ரூமில், பாதி ஹாலில். நான் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று தெரியாது, நாலு மாதமாக வராத வாய் வந்தது. "சாகணும்னு தோணுச்சாடி?" அந்த வார்த்தை வெளியே வந்ததும் வீடு இடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"தோணல. தோணிடுமோன்னு பயமா இருந்துச்சு." விரலால் தரையில் கோடு போட்டாள். "தாழ்ப்பாள் போட்டதும் பயம் வந்துடுச்சும்மா. உள்ள நான் மட்டும்தான் இருக்கேன், எனக்கு என்கூட இருக்கத்தான் பயமா இருந்துச்சு. தெறந்துக்கிட்டு வரலாம்னு பாத்தேன். தெறந்தா நீ பயந்துடுவ, இனிமே எதுக்குமே விட மாட்ட. நான்தானே கேட்டேன், நல்லாத்தான் இருக்கேன்னு காமிக்கணும்ல. அதான் குழாயத் தெறந்து விட்டேன், குளிக்கற மாதிரி."

"எனக்கும் பயமா இருந்துச்சு" என்றேன்.

"தெரியும். கீரைய பாத்ரூம் வாசல்லயா உக்காந்து ஆய்வாங்க?"

சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று எங்கள் இரண்டு பேருக்கும் வந்தது, அவளுக்கு முதலில் நின்றது. நாலு மாதமாக நல்லாத்தான் இருக்கேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் பயமா இருக்கு என்று சொல்லிவிட்டாள், இதைக் கேட்டு நான் நடுங்க வேண்டும், நடுங்கிக்கொண்டுதான் இருக்கிறேன், ஆனாலும் எங்கேயோ, இவ்வளவு நாளாக இருட்டில் தனித்தனியாகத் துழாவிக்கொண்டிருந்த இரண்டு பேரில் ஒருத்தி கை மற்றவள் கைமேல் பட்டுவிட்ட மாதிரி இருந்தது. எழுந்துபோய்ப் போனை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை, டாக்டர் வீட்டில் இருப்பார், தொந்தரவுதான், இருக்கட்டும். அடித்தது. எடுத்தார். "சொல்லுங்க பிரபாவதி" என்றார். நான் வழக்கம்போல, டாக்டர், மிதுனாவுக்கு என்று ஆரம்பித்தேன். பக்கத்தில் வந்து நின்றவள் கையை நீட்டினாள்.

"குடும்மா. நானே பேசறேன்."

நாலு மாதத்தில் எத்தனை செவ்வாய்க்கிழமை, அந்த அறையில் அவள் நகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், தூக்கம் எப்படி, பசி எப்படி என்று எல்லாவற்றுக்கும் நான்தான் பதில் சொல்வேன். போனைக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக் காதில் வைத்தாள்.

"டாக்டர், நான் மிதுனா" என்றாள். அந்தப் பக்கம் டாக்டர் காத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நிற்கலாமா என்று தெரியாமல் நின்றேன். அவள் என் நைட்டி ஓரத்தைப் பிடித்தாள், போ என்றா, இரு என்றா தெரியவில்லை, பிடித்துக்கொண்டே இருந்தாள், அதனால் இருந்தேன். மூச்சை ஒருமுறை உள்ளே இழுத்துவிட்டு அவள் பேச ஆரம்பித்தாள்.